கல்லுக்கு மட்டும் விலை

என் அத்தை இறந்தபோது அவளுடையதென்று இருந்தவை இரண்டு சேலை, ஒரு மண்சட்டி, ஒரு ஓலைப்பறி, ஒரு வைரப் பதக்கம். பதக்கத்தைத் தவிர மற்றவை எங்கள் ஊரில் எல்லார் குடிசையிலும் இருந்தவைதான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. அவர்களுடைய கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகள் போகும், கிராம்பும் ஜாதிக்காயும் வரும். நாங்கள் இருந்தது ஏரிக்குள் பசியாவரம் தீவில். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் பிழைப்பு ஒன்றுதான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து தவழ்ந்து, சேற்றுக்குள் கைவிட்டு இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். வலை வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள், தோணி வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். எங்களுக்குக் கைதான் எல்லாம்.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. கலியாணமான அடுத்த வருடமே புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்து பதினோராம் நாள் செத்துவிட்டது. பிள்ளை போனது மார்புக்குத் தெரியவில்லை, பால் கட்டிக்கொண்டு அவள் துடித்தாள். அந்த நேரத்தில்தான் பழவேற்காட்டிலிருந்து ஒரு மருத்துவச்சி தோணியில் வந்தாள். கடல் தாண்டித் தீவுகளுக்குத் துணி அனுப்பும் மரைக்காயர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாய்க்குக் கடுமையான காய்ச்சல், பால் வற்றிப்போயிற்று, வருகிறாயா என்று கேட்டாள். அத்தை அப்படியே எழுந்து அவளோடு போனாள்.

இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். சோறு, துணி, மாதம் தவறாமல் கூலி எல்லாம் கொடுத்தார்கள். குழந்தை பால் மறந்து அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த வீட்டு அம்மா தன் கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றி அத்தையின் கையில் வைத்து மூடினாராம். அது அவருடைய தாயாருக்கும் அந்தத் தாயாரின் தாயாருக்கும் முந்தியது. நடுவில் ஒரு பெரிய கல், சுற்றி ஆறு சிறிய கற்கள், பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிய பழைய வேலைப்பாடு. அத்தை அதை ஒரு நாளும் போட்டுக்கொண்டதில்லை. உப்புப் பானைக்குள் துணியில் சுற்றிவைத்திருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவுவாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்ப உள்ளே வைத்துவிடுவாள். எனக்கு முப்பது வயதானபோது அவள் இறந்தாள். பிள்ளையில்லாதவள் என்பதால் அது எனக்கு வந்தது.

ஒரு வருடம் நானும் அதை உப்புக்குள்ளேயே வைத்திருந்தேன். விற்கும் எண்ணம் வந்தது ஒரு பங்குனி வெயிலில்.

தீவிலிருந்து பழவேற்காட்டுச் சந்தைக்குப் போக வேண்டுமானால் தோணிக்காரர் மனது வைக்க வேண்டும். பறிக்கு இரண்டு கை இறால் அவருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்குத் தோன்றியபோதுதான் தோணி கிளம்பும், அதுதான் கொடுமை. அன்று விடியலில் பிடித்த இறால் உச்சிவெயில் வரை கரையில் கிடந்தது. மேலே ஈரத் துணி போட்டோம், பாசியைப் போட்டு மூடினோம். தோணிக்காரர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஏழு பெண்களுடைய பறிகளும் நாறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஏரியிலேயே கொட்டினோம். என் விரல்களில் காலையில் குத்திய முட்கள் அப்படியே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷனிடம் சொன்னேன்: "பதக்கத்த வித்துட்டு ஒரு தோணி செஞ்சுக்கலாம்."

அவர் நண்டுக் கொடுக்குகளைக் கயிற்றால் முடிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "நம்ம கையில வைரம் கீதுன்னா எவன்மே நம்புவான்?"

"என்னுதுதானே?"

"உன்னுதுதான். உன்னுதுன்னு எவன் நம்புவான்னு கேக்கறேன்."

நேராக அந்த மரைக்காயர் வீட்டுக்கே போயிருக்கலாமே என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பொருளை அவர்களிடமே கொண்டுபோய் விலை கேட்பது கையேந்துவது போல எனக்குப் பட்டது. போதாததற்கு, அத்தையிடம் பால் குடித்த பிள்ளை பெரியவராகி, வியாபாரத்துக்காகக் கப்பலேறிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் ஊரில் இருந்தவரை பெருநாளுக்குப் பெருநாள் அத்தைக்குச் சேலை வரும். போனபின் வரவில்லை. அதனால் கடைத்தெருவுக்கே போவதென்று முடிவு செய்தேன்.

இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பதக்கத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, புருஷனோடு கிளம்பினேன். கோட்டைக்குப் போகும் தெருவில் பொன்னும் கல்லும் வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் முதலில் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. துணியை அவிழ்த்துப் பதக்கத்தை அவர்முன் வைத்ததும் கண் ஒருமுறை விரிந்து சுருங்கியது. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், மூச்சை ஊதிப் பார்த்தார்.

"கண்ணாடிக் கல்லு. தங்கத்துக்கு வேணா மூணு வராகன் தரேன்."

"கண்ணாடின்னா வேணாங்க. குடுத்துடுங்க," என்று கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டார். "எந்த வீட்ல வேல செய்யறே?"

"எந்த வீட்லயும் இல்ல. ஏரியில எறா புடிக்கறேன்."

"எறா புடிக்கறவளுக்கு இது ஏது? எங்கேர்ந்து எடுத்தே? மூணு வராகன வாங்கிகினு சத்தம் போடாம போய்டு. இல்லன்னா கோட்ட ஆளக் கூப்புடுவேன்."

புருஷன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வந்துடுமே, போலாம்," என்றார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. எங்களைப் போன்றவர்களைக் கட்டிவைத்து அடிக்க யாருக்கும் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆனால் மூன்று வராகனை வாங்கிக்கொண்டு நடந்தால் திருடி என்று நானே ஒத்துக்கொண்டதாகும். நான் மட்டுமில்லை, செத்துப்போன அத்தையும் திருடியாவாள்.

கடைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு ஓடும் இறாலைச் சேற்றுக்குள் பிடித்துப் பழகிய கை. அவரால் உதற முடியவில்லை.

"கூப்புடுங்க," என்றேன். "நீங்க கூப்புடலன்னா நான் கூப்புடறேன்."

அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. காவலாள் ஒருவன் வந்தான். கடைக்காரரின் கையை விடாமலே கோட்டை வாசல் வரை நடந்தேன். வழியெல்லாம் பார்த்தவர்கள், யாரோ பெண் யாரையோ இழுத்துப்போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வாசலில் ஒரு ஒல்லாந்து அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி. கடைக்காரர் முந்திக்கொண்டு, இது திருட்டு நகை, இவளைப் பிடித்துக் கொண்டுவந்தேன் என்றார்.

துபாஷி என் கையைப் பார்த்தார், அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "யாரு யாரப் புடிச்சிட்டு வந்தீங்கன்னு தெரியலயே," என்றார்.

அத்தை கதையை முதலிலிருந்து சொன்னேன். குழந்தை செத்தது, பால் கட்டியது, மருத்துவச்சி வந்தது, இரண்டு வருடம் இருந்தது, கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை. துபாஷி அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி பதக்கத்தை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு ஆள் போயிற்று.

அந்த வீட்டில் யாருக்கு எங்களை ஞாபகம் இருக்குமோ என்று எனக்கு உள்ளூரக் கலக்கம்தான். ஆனால் வந்தது வேலைக்காரரோ கணக்குப்பிள்ளையோ இல்லை. அந்தப் பிள்ளையே வந்தார். பிள்ளை என்று சொல்கிறேன், அவருக்கு என்னைவிட நாலு வயது கூட இருக்கும். போன மாதம்தான் கப்பலில் ஊர் திரும்பியிருந்தாராம். வெள்ளை அங்கி, வெயிலில் கறுத்த முகம். பதக்கத்தை எடுத்துப் பார்த்தார். அதன் தலையில் கோப்பதற்காக இருந்த வளையத்தை விரலால் தடவினார்.

"இந்த வளையம் மட்டும் செம்பொன்னு. மத்தது மஞ்சப்பொன்னு. நான் கைப்புள்ளையில இழுத்துப் பிச்சுட்டேன்னு உம்மா வேற வளையம் போட்டாங்க. இது எங்க உம்மாவுது. எனக்குப் பால் குடுத்தவங்களுக்கு உம்மா குடுத்தது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்களுக்கு..."

"தம்பி பொண்ணு."

"எப்படி இருக்காங்க? நான் வந்ததுலேர்ந்து பசியாவரம் போவணும் போவணும்னு..."

"போன வருசம் போய்ட்டாங்கண்ணே," என்றேன்.

அவ்வளவு பெரிய மனிதர், கோட்டை வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவலாட்கள் தள்ளி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து துபாஷியிடம் சொன்னார்: "அவங்க எனக்குப் பால்குடித் தாய். எங்க மார்க்கத்துல அது ரத்த ஒறவு மாதிரி. இந்தப் பொண்ணு என் குடும்பத்து ஆளு. இவங்களைத் திருடின்னு சொன்னது யாரு?"

யாரென்று எல்லாருக்கும் தெரியும். கடைக்காரர் நெளிந்தார். துபாஷி பதக்கத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க, என் கையில் வைத்தார். உடனே கடைக்காரர் சிரித்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அத முன்னாலயே சொல்லியிருக்கலாமேம்மா. முப்பது வராகன் தரேன், வா."

"காலையில கண்ணாடின்னீங்களே. கண்ணாடிக்கு யாராச்சும் முப்பது வராகன் குடுப்பாங்களா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி என்னவென்று கேட்டார், துபாஷி மொழிபெயர்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின் அந்த ஒல்லாந்தர் தனியாக ஒருமுறை சிரித்தார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது அந்த வீட்டு மரைக்காயர்; அவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். பாய் விரித்து உட்காரவைத்தார்கள். உள்ளிருந்து பலகாரம் வந்தது. அத்தை கடைசியில் எப்படி இருந்தாள், யார் பக்கத்தில் இருந்தார்கள், எங்கே அடக்கம் செய்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். அப்புறம்தான், எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டார். தோணி விஷயத்தைச் சொன்னேன்.

"நானே வாங்கிக்கறேன்," என்றார். "உம்மா நகை வீட்டுக்கே வரட்டும். எழுபது வராகன் தரேன். பத்தலன்னா சொல்லுங்க."

என் புருஷன் வாயிலிருந்த பலகாரத்தை மெல்ல மறந்துவிட்டார். எழுபது வராகனை நாங்கள் கனவில்கூடப் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதக்கத்தைப் பார்த்து விலை சொல்லவில்லை. அத்தையை நினைத்துச் சொன்னார்.

"அண்ணே, இதோட வெல எழுவதா?"

"வெலய ஏன் பாக்கணும்? அவங்க பால்ல வளந்த ஒடம்பு இது."

"அதுக்குத்தான் கேக்கறேன். எங்கத்த குடுத்த பாலுக்கு உங்க உம்மாவே வெல போடல. கூலி தனியா குடுத்தாங்க, இத மனசார குடுத்தாங்க. நீங்க இப்ப பாலுக்கு வெல போடாதீங்க. கல்லுக்குப் போடுங்க. கல்லு இன்னா பெறுதோ அது போதும்."

புருஷன் என் தொடையில் கிள்ளினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டார். கோபமோ என்று நினைத்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி தங்கச்சி. யாரு வெல சொல்றது? நீங்களே சொல்லுங்க," என்றார்.

"உங்க ஆளும் வேணாம், என் ஆளும் வேணாம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர்."

அந்தச் சமயம் கோல்கொண்டாப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கல் கொண்டுவந்து ஒல்லாந்தருக்கு விற்கும் தெலுங்குத் தரகர் ஒருவர் ஊரில் தங்கியிருந்தார். மறுநாள் காலை அவரும் ஒரு தட்டாரும் மரைக்காயர் வீட்டுக்கு வந்தார்கள். மூடிய வேலைப்பாடு என்பதால் கல்லைக் கழற்றாமல் நிறுக்க முடியாது, கழற்றித் திரும்பப் பதித்துவிடலாம் என்றார் தரகர். மரைக்காயருக்கு மனமில்லை. "உம்மா கழுத்துல கெடந்தது," என்றார். நான்தான், கழற்றட்டும் என்றேன். தட்டார் என் கண்முன்னால் தகட்டை நெம்பி, கல் கல்லாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். பெரிய கல் தட்டையாக, ஏரித் தண்ணீர் கைக்குழிவில் நின்றது போல இருந்தது. வெளியே எடுத்தபோதுதான் அதன் அழகே தெரிந்தது.

தரகர் சின்னத் தராசின் ஒரு தட்டில் சிவந்த மஞ்சாடி விதைகளைப் போட்டு, மறு தட்டில் கற்களை ஒவ்வொன்றாக நிறுத்தார். ஆறாவது கல்லை எடுத்தபோது நின்றார். நாக்கில் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது வஜ்ரம் காதும்மா. வைரம் இல்ல. பளிங்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள்தான் திருடி என்ற சொல்லிலிருந்து மீண்டிருந்தேன். ஆனால் மரைக்காயர் பளிச்சென்று சிரித்துவிட்டார்.

"அதுவும் நான்தான்! வளையத்தப் பிச்சப்ப ஒரு கல்லு தெறிச்சுக் காணாமப் போச்சு. வாப்பாவுக்குத் தெரியாம உம்மா பளிங்கு வச்சுட்டாங்க. சாவற வரைக்கும் இத நெனச்சு நெனச்சு சிரிப்பாங்க. நான் மறந்தே போயிட்டேன். அதையும் வைரமாவே வச்சு வெல சொல்லுங்க அய்யா. தொலச்சது நான்."

"வேணாம்," என்றேன். "நீங்க தொலச்ச கல்லுக்கு எங்கத்த ஏன் வெல வாங்கணும்?"

தரகர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆறு வைரங்களுக்கும் தங்கத்துக்கும் சேர்த்துச் சொன்னார்: நாற்பத்தொரு வராகன். பெரிய கல்லின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது, அது இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்று அந்தப் புள்ளியையும் காட்டினார். இருப்பதை இருப்பதாகச் சொல்கிறவர் என்று அப்போது எனக்கு நம்பிக்கை வந்தது. அவருடைய கூலியில் பாதியை நான் கொடுக்க வேண்டும். "ஒரு பறி எறா தரேங்க," என்றேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். அவர்கள் வீட்டில் கத்தரிக்காய்க்கு மேல் எதுவும் சமைப்பதில்லையாம். மரைக்காயர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் விலைப் பணத்திலிருந்தே என் பாதியைக் கொடுத்தேன்.

நாற்பத்தொன்றையும் மரைக்காயர் என் கையில் கொடுத்தபோது, "இதுக்கு மேல குடுக்க எனக்கு ஆசையா இருக்கே, அத நான் இன்னா செய்யறது?" என்றார்.

"எங்க ஊருக்கு வாங்கண்ணே. அத்தைய வச்ச எடத்தப் பாருங்க. எங்க வீட்ல சாப்புடுங்க."

அடுத்த வாரமே வந்தார். அத்தையை அடக்கம் செய்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு எங்கள் குடிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் வைத்த இறால் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் தீவில் அதற்குமுன் அப்படிப்பட்டவர் யாரும் எங்கள் வீட்டுச் சோற்றில் கைவைத்ததில்லை.

தோணி மூன்று மாதத்தில் தயாரானது. தோணிரேவு என்ற ஊர்த் தச்சர் ஒருவர் செய்துகொடுத்தார். கையால் இறால் பிடிக்கிறவர்களில் சொந்தத் தோணி வைத்த முதல் வீடு எங்களுடையது. அன்று பறியைக் கொட்டிய பெண்கள் ஏழு பேரும் அதில் வந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே சந்தையில் இருந்தோம். இரண்டு கை இறாலை யாரிடமும் நான் வாங்கவில்லை. தள்ளுகோல் மட்டும் முறைவைத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பழைய தோணிக்காரரும் கொஞ்ச நாளிலேயே விடியலில் கிளம்பப் பழகிக்கொண்டார்.

என் புருஷன்தான் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னார். கிள்ளியதை மட்டும் விட்டுவிடுவார். சொல்லச் சொல்ல அவர் வாயில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. பொன்னேரிச் சந்தையில் ஒருநாள் ஐம்பது வராகன் என்றார். வேறோரிடத்தில் அறுபதாயிற்று. யார் முன்னால் சொன்னாலும் நான் குறுக்கே புகுந்து திருத்திவிடுவேன்.

"நாப்பத்தொண்ணு," என்பேன். "அதுலேர்ந்துதான் தரகர் கூலியில என் பாதியக் குடுத்தேன்."